ஒலக்கூர்ச் சாலையில் ஒரு ஜப்பான்காரர்

போன வாரம் பேத்தியின் காதுகுத்துக்கு பிளெக்ஸ் அடிக்கச் சொல்லி, விழுப்புரத்தில் எங்கள் தெரு முனைக் கடைக்கு என்னை அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தன தல வெக்கணும் ஐயா?" என்றாள். தலை என்றால் புகைப்படம். குழந்தையின் தலை ஒன்று போதும் என்றேன். "ஒத்தத் தலைக்கா பிளெக்ஸு? மாமனுங்க, சித்தப்பனுங்க எல்லாம் கோச்சிக்கினு பந்தியிலியே உக்கார மாட்டாங்க ஐயா. ஒரு பத்தாவது குடுங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதற்குள் உள்ளே இயந்திரம் யாருடைய முகத்தையோ பட்டை பட்டையாகத் துப்பத் தொடங்கியது. மையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லி வெளியே வந்து நின்றேன்.

எல்லாவற்றுக்கும் பதறுகிறவன் நான். பேருந்தில் ஏறினால் எத்தனை பேர் தொங்குகிறார்கள், கல்யாண மண்டபத்துக்குப் போனால் எத்தனை மின்விசிறி ஓடவில்லை என்று எண்ணாமல் இருக்க முடியாது. கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே காலத்தைக் கழித்தவனுக்கு வேறென்ன வரும்? சாப்பிடும்போது இட்லியை எண்ணுகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மற்றவர்கள் தட்டில் இருப்பதையும் எண்ணுகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பிளெக்ஸ் வாடைக்குப் பதறுவது இந்த வியாதியில் சேராது. அதற்குக் காரணம், நானூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒரு ஜப்பான்காரர்.

கொரோனாவுக்கு முந்திய வருடங்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தால் சண்டைதான் வருகிறது என்று, திண்டிவனத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் வருகைப் பதிவு பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். ஜப்பானில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லையாம். நர்சிங் படித்த நம் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புவது நிலையத்தின் தொழில். பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையின் மாடி அது. கீழே ரப்பர் வேகும். மேலே பதினேழு பேர் ஜப்பானிய எழுத்துகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் ஜப்பான் என்று யாராவது சொன்னால் செர்ரிப் பூவெல்லாம் எனக்கு வராது, கருகின டயர் வாடைதான் வரும். அந்த நாட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பாடம் நடத்தியது ஜெனிட்டா டீச்சர். புதுச்சேரிப் பெண், என் மகளைவிடச் சின்னவள். வேட்டி கட்டிய கிழவன் ஒருவன் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். "சார், வருகை எடுத்தாச்சில்ல, இன்னும் இன்னா எண்ணிக்கினு இருக்கீங்க?" என்பாள். மின்விசிறியின் இறக்கையை என்று சொல்லிப் பார்ப்பேன். உண்மையில் மொழியோடு சேர்த்து அவள் சரித்திரம் சொல்லும் விதத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் வருடக் கணக்குக் கிடையாது. "வருஷத்த மனப்பாடம் பண்ணீங்கன்னா பரீட்சையோட போயிரும். ஆளப் புடிச்சிக்கோங்க, கூடவே வருவாங்க" என்பாள். ஆளுக்கு ஒரு ஜப்பானியரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பிறந்தது, அடிபட்டது, சாப்பிட்டது, செத்தது எல்லாவற்றையும் சொந்தச் சித்தப்பா கதைபோல வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும். அந்த ஆள் வழியாகவே அந்த நாட்டுச் சண்டை, சாமி, சாப்பாடு எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு பெண், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அரண்மனை வம்பையெல்லாம் எழுதிவைத்த சீமாட்டியை எடுத்துக்கொண்டாள். நான் யாருக்கும் சொல்லாமல் ஒருவரை எடுத்துக்கொண்டேன். வயதான பிறகு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, தன்னைவிட மிக இளைய ஆசிரியரிடம் வானசாஸ்திரம் படிக்கப் போனவர். பிறகு நாட்டின் கடற்கரையை நடந்தே அளந்து வரைபடம் போட்டவர். எண்ணுகிறவர்களுக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான்கு பெரிய மனிதர்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? "எங்க ஆளு", "உங்க ஆளு" என்று கட்சி பிரிந்தது. விசில் பறந்தது. அதில் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குமரவேலும் ஏழுமலையும். இரண்டு பேரும் ஒலக்கூரைத் தாண்டி ஒரே கிராமம். குமரவேல் ஊர்ப்பக்கம், மல்லாட்டையும் கரும்பும் போடுகிற சொந்த நிலம். ஏழுமலை காலனி, அவன் அம்மா அந்த நிலங்களில் களையெடுக்கப் போகிறவர். காலையில் ஒரே பேருந்தில் வருவார்கள். பேருந்தில் தனித்தனி இருக்கை. வகுப்பில் பெஞ்சு பற்றாக்குறை என்பதால் ஒரே பெஞ்சு.

குமரவேல் எடுத்துக்கொண்டது ஒரு பொறுமைசாலித் தளபதியை. சின்ன வயதில் எதிரி வீட்டில் பணயமாக வளர்ந்து, காத்திருந்து காத்திருந்து கடைசியில் நாட்டையே தன் வம்சத்துக்கு வாங்கிக்கொண்டவர். ஏழுமலை எடுத்தது அவருக்கு முன்னால் நாட்டை ஆண்டவரை. ஏழைக் குடியானவன் மகன். ஒரு பிரபுவிடம் செருப்புத் தூக்குகிற வேலையில் சேர்ந்தவன். பனிக்காலத்தில் எஜமானின் செருப்பைத் தன் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிக் கொடுத்து அவர் கண்ணில் பட்டு, படிப்படியாக ஏறி, ஜப்பான் முழுவதையும் ஆண்டான் என்பது கதை.

டீச்சர் இதை முதலில் சொன்னபோது வகுப்பு சிரித்தது. ஏழுமலை சிரிக்கவில்லை. எழுந்து, "மிஸ், அவரு ஏன் நெஞ்சுல வெச்சாரு? கையில வெச்சிக்கினா ஆவாதா?" என்றான்.

"கையும் ஜில்லுன்னுதானே இருக்கும்."

"எங்க தாத்தா கையிலதான் மிஸ் வெச்சிக்கினு போவாரு. அவரு செருப்பையே. ஊர்த்தெருவு தாண்டினப்புறம் கீழ போட்டு மாட்டிக்குவாரு."

குமரவேல் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடினான். டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு, "மேல வந்தப்புறம் அவரு இன்னா பண்ணாருன்னு அடுத்த வாரம் சொல்றேன்" என்று பாடத்தை மூடினாள். அந்த அடுத்த வாரத்தை அவள் நடுரோட்டில் சொல்லும்படி ஆயிற்று.

ஜப்பானிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று தேதி வந்தது. எல்லோருடைய பாஸ்போர்ட் விண்ணப்பமும் போலீஸ் விசாரணையில் இருந்தது. விசாரணை சுத்தமாக முடிந்து புத்தகம் கையில் வந்தால்தான் நேர்காணலில் உட்கார முடியும். அதற்கு முன் ஏழுமலை வகுப்பில் பேச வேண்டிய நாள். அதற்கு அவன் பிளெக்ஸ் அடித்துவிட்டான். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பத்தாவது தேறினாலும் பிளெக்ஸ், ஷேர் ஆட்டோ வாங்கினாலும் பிளெக்ஸ். உச்சிக்குடுமி வைத்த ஜப்பானியர் நடுவில். கடைக்காரர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்த சிங்கம் பின்னால். "செருப்பு சுமந்த கை! ஜப்பானை ஆண்ட கை!" என்று மஞ்சள் எழுத்து. கீழே பதினோரு தலைகள், காலனி நண்பர்கள். மற்றவர்கள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்க, ஏழுமலை மட்டும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் வெள்ளைப் பின்னணியோடு, திருட்டுப்போன பொருளைத் தேடுகிறவன்போல் முறைத்துக்கொண்டிருந்தான்.

போனில் காட்டினான். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தலைகளை எண்ணினேன். குமரவேல் மட்டும், "இத ஸ்டாப்புல வெக்காதடா. டவுன்ல கட்டிக்க" என்றான்.

"ஏன்?"

"பெரியப்பா பாத்தா சொம்மா இருக்க மாட்டாரு."

"ஜப்பான்காரன் படம்டா. உங்க பெரியப்பாவுக்கு இன்னா வந்துது?"

கடல் தாண்டி, எப்போதோ செத்த ஒருவர் ஒலக்கூர்ச் சாலையில் யாரை என்ன செய்துவிட முடியும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஏழுமலை அதை ஊர் நிறுத்தத்திலேயே கட்டினான். இரண்டு நாள் போயிருக்கும். காலையில் வருகை எடுக்கும்போது இரண்டு பேரும் இல்லை. டீச்சரின் போன் அடித்தது. ஏழுமலை குரல் வெளியே கேட்டது. "மிஸ், செருப்பு மால போட்டுட்டாங்க மிஸ்." காலனிக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், போலீஸ் வந்திருக்கிறது என்றான். நிலையத்தின் முதலாளி சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்து கத்தினார். "கேஸுன்னு ஒன்னு ஆச்சின்னா பையன் பாஸ்போர்ட்டு அவ்ளோதான் சார். ஜல்தி போய்ப் பாருங்க. பேஜாரு பண்ணாம எழுப்பிக் கூட்டியாங்க."

நானும் டீச்சரும் போய் இறங்கியபோது உச்சி வெயில். தகரக் கூரை போட்ட பேருந்து நிறுத்தம். பக்கத்தில் இரண்டு சவுக்குக் கம்பில் பிளெக்ஸ். குடுமிக்காரர் கழுத்தில் தேங்காய்நார்க் கயிற்றில் கோத்த பழைய செருப்புகள். ஒன்பது. ஜோடி சேரவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. ரோட்டில் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வேப்பமரத்து நிழலில் ஊர்க்காரர்கள் நின்றார்கள். முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி நின்றவர் குமரவேலின் பெரியப்பா. அவருக்குப் பின்னால் குமரவேல், தலை குனிந்து. நடுவில் எஸ்.ஐ.

"நீங்கதான் வாத்தியாரா?" என்றார் என்னிடம்.

"நான் வருகைப் பதிவுங்க. டீச்சர் இவங்க."

"யாரும்மா இந்த ஆளு? எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். ஜப்பான்."

"அது சரி, இங்க எந்த ஊர்க்காரரு?"

"ஜப்பான் ஊர்க்காரர்தான் சார். செத்து நானூறு வருஷமாவுது."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "நானூறு வருசம் முன்ன செத்தவனுக்கு இன்னிக்கி ரெண்டு வண்டி போலீஸு."

அவர் ஏழுமலையிடம் போனார். "இத பாரு தம்பி. கம்ப்ளெயின்ட் குடுத்தா வாங்கிக்கிறேன். அவங்களும் உம்மேல ஒன்னு குடுப்பாங்க. ரெண்டும் பதிவாவும். உன் பாஸ்போர்ட் ஃபைலு என் டேபிள் மேலதான் கீது. மாலைய எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"நாங்க எடுக்க மாட்டோம் சார். போட்டவங்க எடுக்கட்டும்."

"யாரு போட்டது?" என்றார் பெரியப்பா மரத்தடியிலிருந்து. "நாங்க பாக்கலியே. கைய வெச்சா நாங்கதான் போட்டோம்னு ஆயிரும். நாங்க தொட மாட்டோம்."

எஸ்.ஐ. பஞ்சாயத்துத் துப்புரவுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கம்பை எடுத்துக்கொண்டு இரண்டடி வந்ததும், ஏழுமலையின் அம்மா எழுந்துவிட்டார். "அவனும் எங்க காலனி ஆளு சார். மாட்டறது ஒருத்தன், எடுக்கறதுக்கு மட்டும் நாங்களா?" துப்புரவுக்காரர் கம்பைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்பது செருப்பும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் பேருந்துகள் வரிசை கட்டி ஆரன் அடித்தன. டீச்சர் ஏழுமலையின் அருகில் குந்தி, "உன் இன்டர்வ்யூடா" என்றாள். அவன் அம்மாவே பதில் சொன்னார். "ஏம்மா, கேசு குடுத்தா இவன் ஜப்பானுக்குப் போவ முடியாது. குடுக்காம உட்டா நாளைக்கி இந்த ஸ்டாப்புல நிக்க முடியாது. எது மேலுன்னு நீ படிச்ச பொண்ணு, சொல்லு."

நான் என் குடையின் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "டீச்சரம்மா, ஒன்னு கேக்கறேன். செருப்பு தூக்கினான், சரி. மேல வந்தான், சரி. மேல வந்தப்புறம் அந்த ஆளு இன்னா பண்ணான்? அத்தச் சொல்லுங்க."

அவள் பொய் சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு இருந்தது. அன்னசத்திரம் கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார் என்று எதையாவது சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஜெனிட்டா டீச்சர் எழுந்து நின்றாள். வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "குடியானவங்க கையில இருந்த கத்தியெல்லாம் புடுங்கிக்கினாரு. குடியானவன் குடியானவனாவே இருக்கணும், சிப்பாய் சிப்பாயாவே இருக்கணும், யாரும் அவங்க நெலைய உட்டு மாறக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு."

பெரியப்பா தொடையில் தட்டினார். "அப்பிடிச் சொல்லு! அப்ப அவரு நம்ம ஆளுப்பா!"

மரத்தடி முழுவதும் சிரித்தது. நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஒரு வாரமாக அந்த மனிதராகவே நடந்து, பேசிப் பழகிக்கொண்டிருந்தவன் அவன். "நெசமா மிஸ்?" என்றான்.

"நெசம்தான்."

"ஏன் மிஸ் மொதல்லியே சொல்லல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மரத்தடியிலிருந்து குமரவேல் வெளியே வந்தான். "நம்ம ஆளுன்னுட்டீங்களே பெரியப்பா. நம்ம ஆளு கழுத்துல செருப்பு தொங்கிக்கினு கீது. எடுக்க வேணாமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் யாரையும் பார்க்காமல் நடந்துபோய், நிறுத்தத்தின் சிமெண்டு இருக்கையில் ஏறி, முடிச்சை அவிழ்த்தான். கயிறு நழுவிச் செருப்புகள் சரிந்தன. ஒன்றும் கீழே விழாமல் இரண்டு கையாலும் அள்ளிச் சட்டையோடு அணைத்துக்கொண்டான்.

"கீழ போடுடா நாயே!" என்று கத்தினார் பெரியப்பா. "எங்கியோ போயி எவன் காலையோ கழுவப் போறவன்தானடா நீ!"

"ஆமாம் பெரியப்பா. அதுக்குத்தான் படிக்கிறேன்."

குப்பைத் தொட்டி காலனிக்காரர்களுக்குப் பின்னால் இருந்தது. அவன் நெருங்கியதும் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க மண். "அவ்ளோதான், எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று எஸ்.ஐ. லத்தியைத் தட்டினார். புகார் யாரும் கொடுக்கவில்லை. ஏழுமலை தன் கையாலேயே பிளெக்ஸை அவிழ்த்து, முகம் உள்ளே போகும்படி மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். குமரவேல் பக்கம் அவன் திரும்பவில்லை. அப்போது திரும்பியிருக்க முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கேஸ் இல்லை, பாஸ்போர்ட் பிழைத்தது என்று திரும்பும் பேருந்தில் டீச்சரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கணக்குப் பார்க்கிறவன் கணக்கும் தப்பும். ஒரு போலீஸ்காரர் பிளெக்ஸைப் போனில் படம் எடுத்திருந்தார். பதினோரு தலைகளும் யார் யாரென்று தேடினார்கள். மற்றவர்கள் கூலிங்கிளாஸுக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஏழுமலையின் முகம் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த அதே முகம். அவன் தாளில் விசாரணை முடியவில்லை என்று எழுதினார்கள். பிளெக்ஸில் முகம் இல்லாத குமரவேலின் தாளில் எழுத ஒன்றுமில்லை. ஜப்பான்காரர்கள் வந்தார்கள், குனிந்து குனிந்து வணங்கினார்கள், குமரவேலை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று ஏழுமலை மாடிக்கு வரவில்லை. அவனுக்குப் புத்தகம் வந்து சேர்ந்தபோது கொரோனா வந்து உலகத்தையே பூட்டிவிட்டது. திறந்தபோது நிலையம் இல்லை.

இப்போது அந்த மாடியில் பிரியாணிக் கடையின் அரிசி மூட்டைகள் இருக்கின்றன. டயர்க் கடையும் போய்விட்டது. ஜெனிட்டா டீச்சர் கல்யாணமாகிக் கனடா போனாள் என்று கேள்வி. எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஜப்பானுக்குப் போகப் படிக்கிறாள், எல்லாம் போனிலேயே. அவளிடம், எந்த ஆளை எடுத்திருக்கிறாய் என்று ஆசையாகக் கேட்டேன். "ஆளுங்களா? அதெல்லாம் சிலபஸ்ல இல்ல அங்கிள்" என்றாள். வார்த்தை தெரிந்தால் போதுமாம். ஒரு நாட்டுக்குப் போகிறவள் அந்த நாட்டில் ஒருவரையும் தெரியாமலே போகப் போகிறாள். எனக்கு ஏன் இதில் பதற்றம் என்றால் சொல்லத் தெரியவில்லை.

ஏழுமலை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். ரத்த அழுத்த மாத்திரைக்குப் போகும்போது பார்ப்பேன். "நல்லாக்கீறீங்களா சார்?" என்பான். கிழவர்களைத் தூக்கி உட்காரவைப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது என்று நர்சுகள் சொல்கிறார்கள். ஜப்பானைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

போன பொங்கலுக்குக் குமரவேல் விடுப்பில் வந்தவன், விழுப்புரத்தில் என் வீட்டுக்கும் வந்தான். தேயிலை டப்பா ஒன்று கொண்டுவந்திருந்தான். அங்கே ஒரு தாத்தா இவனைப் பேரனென்றே நினைத்துக்கொண்டு திட்டுகிறாராம், சொல்லிச் சிரித்தான். பேச்சோடு பேச்சாக, "ஏழுமலைய பாப்பீங்களா சார்?" என்றான்.

"ஆஸ்பத்திரியில பாப்பேன். நீ பாக்கலியா? ஒரே ஊருதானே" என்றேன்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தத் தகரக் கூரையை இடித்துவிட்டார்களாம். ஊருக்குப் போகும் வழியில் ஒரு நிழற்குடை, காலனிக்குப் போகும் வழியில் ஒன்று என்று தனித்தனியாகப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம். டைல்ஸ் போட்டு, மின்விசிறிகூட வைத்திருக்கிறார்களாம்.

"எங்க சார் பாக்கறது?" என்றான் குமரவேல். "நான் அவன் தெருவுக்குப் போவ முடியாது. அவன் எங்க தெருவுக்கு வர மாட்டான். முன்னல்லாம் ஸ்டாப்புலதான் சார் பாத்துக்குவோம்."